முகப்புக்குப் புது வண்ணம், உள்ளே கிழிந்த தோல்

போன கோடையில் பிள்ளைகளோடு அமெரிக்காவில் ஒரு பழைய கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பூங்காவின் பெயர் வேண்டாம். குடை ராட்டினத்துக்குப் பக்கத்தில் பழைய பேண்ட் ஆர்கன் (குழலும் முரசுமாகத் தானே வாசிக்கும் பெரிய பெட்டி வாத்தியம்) ஒன்று, செதுக்கு வேலையும் தங்கப் பூச்சுமாகப் பளபளவென்று நின்றது. பாட்டும் கேட்டது. பெரியவள்தான் முதலில் கவனித்தாள்: "அப்பா, டிரம் குச்சி அசையவே இல்லையே?" மேலே பார்த்தால் கூரையில் ஸ்பீக்கர். ராட்டினம் ஓட்டும் பையனிடம் கேட்டேன். அது பாடிப் பல வருஷமாச்சு என்றான்.

அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

இந்தக் கருவியின் உயிர் முகப்பில் இல்லை. துளையிட்ட காகிதச் சுருள் ஓடும், துளை வழியாகக் காற்று நுழையும், உள்ளே மெல்லிய தோல் பை ஒன்று உப்பி வால்வைத் திறக்கும், துருத்தியின் காற்று குழலுக்குப் போகும். ஒவ்வொரு சுரத்துக்கும் இப்படி. முரசு அடிப்பதும் காற்றுதான். ஆர்மோனியத் துருத்தியில் சின்னதாக ஒரு கிழிசல் விழுந்தாலே வாசிப்பவர் எவ்வளவு சிரமப்படுவார் என்று தெரியுமல்லவா, இங்கே அப்படிக் கிழியக்கூடிய இடம் எத்தனையோ. தோல் காய்ந்து வெடிக்கும், ஈரத்தில் மரம் விரியும், பெட்டிக்குள் எலி புகும். பூங்கா நிர்வாகங்களோ கண்ணுக்குத் தெரிகிற முகப்புக்கு மட்டும் வண்ணம் அடித்துவிட்டுப் பராமரித்தாகிவிட்டது என்கின்றன. என் கோபமெல்லாம் இதில்தான்.

அரைகுறையாகப் பழுது பார்ப்பது இன்னும் மோசம். அந்தக் காலத்தில் நம் தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவார்களே, அதே வகைப் பசையில்தான் இவற்றையும் செய்தார்கள். சூடும் ஈரமும் காட்டினால் ஒட்டு விட்டுவிடும், அடுத்து வருபவர் பிரித்து வேலை பார்க்கலாம். அவசரத்துக்கு யாராவது இன்றைய செயற்கைப் பசையைத் தடவிவிட்டால் அப்புறம் மரத்தை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

"ரொம்பப் பழசு, ஓட்டாமல் வைப்பதுதான் பத்திரம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. அங்கே லூஃப் என்பவர் செய்து 1911-இல் வந்த ராட்டினத்தோடு, ஜெர்மனியின் ரூத் நிறுவனம் செய்த 342 குழல் ஆர்கன் இருக்கிறது, செய்தது 1894-இல். உப்புக்காற்று வீசும் இடம். இன்னும் பாடுகிறது! கொலராடோவின் பர்லிங்டனில் வுர்லிட்சர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1909-ஆம் ஆண்டு ஆர்கன் ஒன்று. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் ராட்டினத்தை மூடிவிட்டு அந்தக் கட்டடத்தில் மாட்டுத் தீவனம் அடுக்கினார்கள், எலி சும்மா இருக்குமா? அந்த ஆர்கனையே 1970களில் தேர்ந்த கைகள் மீட்டெடுத்தன. மேரிலாந்தின் கிளென் எக்கோவில் பூங்காவே 1968-ஓடு மூடியாகிவிட்டது, ராட்டினத்தை ஊர்க்காரர்கள் பணம் திரட்டி மீட்டார்கள், அதோடு வுர்லிட்சரின் 165 என்ற வகை ஆர்கனும், 1926-இல் செய்தது, பிழைத்தது. மனசு இருந்த இடத்திலெல்லாம் வழி கிடைத்திருக்கிறது.

காகிதச் சுருளுக்குப் பதிலாக மிடி (எந்தச் சுரம் எப்போது என்று கணினி வழியாகக் கட்டளையிடும் முறை) பொருத்துவது பற்றி ஆர்வலர்களிடையே பெரிய சண்டையே உண்டு. பழைய சுருள் பொறியைப் பிடுங்கி எறியாமல் பக்கத்தில் சேர்ப்பதென்றால் எனக்குச் சம்மதம். குழலுக்குள் நிஜக் காற்று போகிறதே, அது போதும். ஸ்பீக்கர் வைப்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது, பக்கத்தில் நிற்கும்போது பெரிய குழலின் அதிர்வு நெஞ்சில் வந்து மோதுமே, எந்த ஒலிப்பதிவு அதைத் தரும்?

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூங்காவுக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த முறை முகப்புக்கு வண்ணம் அடிக்க ஒதுக்கும் பணத்தில் துருத்திக்குப் புதுத் தோல் போடுங்கள், ஆர்கன் வேலை தெரிந்த ஒருவரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று. இன்னும் பதில் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் எழுதப் போகிறேன். இந்த மாதிரிப் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் முதலில் டிரம் குச்சியைப் பாருங்கள், அசையவில்லை என்றால் நீங்களும் எழுதுங்கள்.