செலரி சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

நம் வட்டார வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்ததைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் குரல்பதிவு, அதற்கு நான் எழுதிய பதில், அப்புறம் எனக்குக் கிடைத்த அர்ச்சனை எல்லாமே உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். யார் எவர் என்று இங்கே இழுக்கப்போவதில்லை. குரல்பதிவைப் போட்ட அந்த அண்ணன் கெட்டவரும் இல்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பொங்கல் வைப்பதென்றாலும், ஒருவர் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். ஆனால் “வெறும் வயிற்றில் செலரிச் சாறு குடியுங்கள், மூன்றே வாரத்தில் பிரஷர் மாத்திரையைக் குப்பையில் போடலாம்” என்பதை, பாதிப் பேர் அறுபதைத் தாண்டிய அம்மாக்களும் ஐயாக்களுமாக இருக்கும் குழுவில் போட்டால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அங்கே சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். செலரி நல்ல காய். தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இதற்குத்தான் எனக்கு “படித்த திமிர்” என்ற பட்டம்.

செலரி மேல் எனக்கு என்ன பகை? என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போனால் மெல்லிய தண்டுள்ள சீனச் செலரியும் வாங்குவேன், தடித்த தண்டுள்ளதும் வாங்குவேன். சீனச் செலரிக்குத்தான் மணம் அதிகம். சூப் கம்பிங் என்ற ஆட்டிறைச்சி சூப் மேலே பொரித்த வெங்காயத்தோடு தூவுகிறார்களே, மலாய்க்காரர்கள் டாவுன் சூப் என்று சொல்லும் அந்த இலையேதான். அந்த இலையை ரசம் இறக்கும்போது கொஞ்சம் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் செலரியின் குடும்பத்துச் செடிகள்தான், அதனால் நம் சமையலோடு ஒட்டிக்கொள்ளும்.

தடித்த தண்டை அம்மாவுக்குப் பொரியல் செய்வேன். அம்மாவுக்குப் பல்செட். நார் மாட்டிக்கொண்டால் அன்றைய சாப்பாடே போச்சு. அதனால் தண்டின் நுனியை உள்பக்கமாக வளைத்து ஒடித்து, அப்படியே கீழே இழுப்பேன். நார் நூல் நூலாகக் கையோடு வந்துவிடும். பிறகு சாய்வாக, மெல்லியதாக நறுக்கி, அரைவேக்காடு பாசிப்பருப்போடு வதக்கி, தேங்காய்ப்பூ போட்டு இறக்குவேன். உப்பு வழக்கத்தில் பாதிதான். செலரிக்கே ஓர் உப்புச்சுவை உண்டு.

அந்த உப்புச்சுவை சும்மா வரவில்லை. 100 கிராம் செலரியில் சுமார் 80 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு காய்க்கு இது அதிகம்தான். பொரியலில் நாலைந்து துண்டு சாப்பிடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குரல்பதிவு சொல்வது தினமும் அரை லிட்டர் சாறு. அதற்கு ஒரு கட்டு முழுசாகப் போய்விடும், அரைக் கிலோ வரும். நார்ச்சத்தைச் சக்கையோடு குப்பையில் போட்டுவிட்டு, உப்பையும் பொட்டாசியத்தையும் ஒரே மூச்சில் குடிக்கச் சொல்கிறார்கள். அரைக் கிலோ செலரியில் பொட்டாசியம் 1,000 மில்லிகிராமைத் தாண்டும். நல்ல சிறுநீரகம் இருப்பவருக்கு அது நல்லதுதான். சிறுநீரகம் பழுதானவருக்கு, அதிலும் லோசார்டன், எனலாபிரில் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நம் குழுவில் நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து சிறுநீரகம் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்த அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, செலரியில் என்னதான் இருக்கிறது? 100 கிராமில் 95 கிராம் தண்ணீர். 15 கலோரி சொச்சம். ஒன்றரை கிராம் நார்ச்சத்து, கொஞ்சம் ஃபோலேட், கொஞ்சம் வைட்டமின் கே. எடை குறைக்க நினைப்பவர், மாலையில் பக்கோடாவுக்குப் பதில் இதைக் கடித்தால் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் திடீரென்று கட்டுக் கட்டாக ஆரம்பிக்காமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வைட்டமின் கே கூடிக் குறைந்தால் அந்த மருந்தின் வேகமும் மாறும். இவ்வளவுதான் செலரி. இது குறைவா? கத்திரிக்காயிடம் நாம் மருந்து கேட்கிறோமா? செலரியிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

“சீனாவில் செலரியிலிருந்து பக்கவாதத்துக்கே மருந்து எடுத்திருக்கிறார்கள், உனக்கு என்ன தெரியும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். தெரியும். செலரி விதையில் கண்டுபிடித்த பியூட்டைல்தாலைடு என்ற பொருள் அது. செலரி மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. 2002இல் சீனா அதற்கு அனுமதி கொடுத்தது, ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு. ஆனால் அதை யாரும் செலரியைப் பிழிந்து கொடுப்பதில்லை. தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்கள். அதாவது அதுவும் மாத்திரைதான். நீங்கள் குப்பையில் போடச் சொன்னீர்களே, அதே மாதிரி மாத்திரை. செலரிப் பொருள்கள் எலிகளின் ரத்த அழுத்தத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் இருப்பதும் உண்மை. எலிக்கு வேலை செய்தது என்று சொல்லி எழுபது வயது அம்மாவின் மாத்திரையைப் பிடுங்க முடியாது.

அப்புறம் “நம் பாட்டி வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறாய்” என்ற குற்றச்சாட்டு. இதுதான் என்னை மிகவும் நோகடித்தது. என் பாட்டி ஓமத்தண்ணீர் கொடுத்து வளர்த்த பிள்ளை நான். இன்றைக்கும் வயிற்று உப்புசத்துக்கு அதுதான் குடிக்கிறேன். செலரித் தண்டை அரைத்து வெறும் வயிற்றில் அரை லிட்டர் குடி என்று எந்தப் பாட்டி சொன்னாள்? எந்த ஓலைச்சுவடியில் இருக்கிறது? யூனானியில் செலரி விதை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. விதை வேறு, தண்டுச் சாறு வேறு. இந்தச் சாற்று மோகம் 2018, 2019 வாக்கில் அமெரிக்காவில், மருத்துவம் படிக்காத ஒருவரால் கிளம்பியது. இன்ஸ்டகிராமில் சுற்றிவிட்டு, தமிழ்க்குரல் பூசிக்கொண்டு நம் குழுவுக்கு வந்திருக்கிறது. அதைக் கேள்வி கேட்ட நான் நம் மரபுக்கு எதிரி ஆகிவிட்டேன்.

எங்கள் மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டி செலரியையும் சிவப்புப் பேரீச்சையையும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்பார். அவர்கள் வீட்டில் தலைமுறையாக வரும் பழக்கம். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் அதைக் குடிப்பார். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) தேதி தவறாமல் போய்வருவார். மரபும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

மருந்துக் கம்பெனி கொள்ளை என்பவர்களுக்கு நீளமாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் காப்புரிமை முடிந்து எத்தனையோ வருடமான பழைய மருந்து, மலிவு விலையில் கிடைக்கிறது. தினம் ஒரு கட்டு செலரி வாங்கினால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று கேட்பவர்களுக்காக, இதுவரை இங்கே எழுதாத ஒன்றை எழுதுகிறேன். என் அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். காப்பிக்கடை நண்பர் ஒருவர் ஏதோ கஷாயம் சொன்னார் என்று பிரஷர் மாத்திரையை எங்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். செலரி இல்லை, வேறு இலை. அவருக்குத் தலைவலி வரவில்லை, மயக்கம் வரவில்லை. நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னார். ரத்தக்கொதிப்பு வலிக்காது, அதுதான் அதன் கொடுமை. ஒரு காலையில் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போன வலது கை எழும்பவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்தோம். பிழைத்தார். ஆனால் கடைசிவரை இடது கையால்தான் சாப்பிட்டார், என் பெயரை முழுசாகச் சொல்ல அவரால் முடியவே இல்லை. கஷாயம் சொன்ன அந்த மாமாவும் நல்லவர்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். கொஞ்ச நேரம் கட்டிலருகே நின்றுவிட்டுப் போனார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? நல்ல மனதோடு சொன்னேன் என்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. நல்ல மனது என் அப்பாவின் கையைத் திருப்பித் தரவில்லை.

2021-22 மக்கள் சுகாதார ஆய்வில் சிங்கப்பூரில் 18 முதல் 74 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கு ரத்தக்கொதிப்பு என்று வந்தது. 2022 ஊட்டச்சத்து ஆய்வில், நாம் சராசரியாக ஒரு நாளைக்கு உட்கொள்ளும் சோடியம் 3,620 மில்லிகிராம். இருக்க வேண்டியது 2,000க்குள். உண்மையிலேயே பிரஷரைக் குறைக்க ஆசைப்படுகிறீர்களா? மீ சோட்டோ நூடுல்ஸ் சூப்பில் கடைசிச் சொட்டுச் சாற்றைக் குடிக்காதீர்கள். ஊறுகாய்ப் பாட்டிலைத் தூர வையுங்கள். காய்கறியும் பழமும் கொழுப்புக் குறைந்த பாலும் நிறையச் சேர்த்த உணவுமுறை பிரஷரைக் குறைக்கும் என்பதை மனிதர்களிடமே சோதித்து 1997இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அதில் செலரிக்கும் இடம் உண்டு, முருங்கைக்கீரைக்கும் இடம் உண்டு. இதைக் குரல்பதிவாகப் போடுங்கள் அண்ணா, நானே எல்லாக் குழுவுக்கும் அனுப்புகிறேன்.

குழுவில் நான் எழுதிய பதிலை நீக்கச் சொல்லிப் பல பக்கமிருந்தும் சொல்லிவிட்டார்கள். புளோக்கில் ஒற்றுமை கெடுகிறதாம். நீக்க மாட்டேன்.

அந்தக் குரல்பதிவைக் கேட்டு ஏற்கெனவே மாத்திரையை நிறுத்தியவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். நாளைக்கே மருந்தகத்துக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். எந்த மாத்திரை, எப்போதிலிருந்து நிறுத்தினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை என்றால் இன்னும் அவசரம், அதைத் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பு வரை போகலாம். மருத்துவர் திட்டுவாரே என்று சிலர் பயப்படுவது எனக்குத் தெரியும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் வருகிறேன்.