புகார் சொல்லும் நேரம் இல்லையாம்

சனிக்கிழமை அந்தக் கடலோர ஹோட்டலில், கெடா மாநில விவசாயிகளுக்கு நடத்திய தலைமைத்துவப் பயிற்சியில், பேச எழுந்த ஒரு பெரியவரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்ட கூத்தை நீங்கள் எல்லாரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். மறுபடி கதை சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் இருந்தால் பாக்கியசாலிகள், அப்படியே இருங்கள்.

காணொளியில் ஒன்று மட்டும் இல்லை. ஒலிவாங்கியைப் பிடித்த பெரியவர் என்ன சொல்ல வந்தார் என்பது. மலாயைத் தமிழில் சொல்வதற்குக் கூலி வாங்கிக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்திருந்தவள் நான்தான், எனவே எனக்குத் தெரியும். "மேல இருக்கறவன் ராவும் பகலும் பம்பு போட்டா, கீழ எங்க வெண்டிக்குத் தண்ணி எப்படிம்மா வரும்? யாரு என்னைக்கு இறைக்கறதுன்னு ஒரு முறை வைக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். உடனே ஒரு சிரித்த முகம் வந்து, "ஐயா, இது ஊக்கம் பெறும் நேரம், புகார் சொல்லும் நேரம் இல்லை" என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டது.

அன்றைய தலைப்பு வறட்சிக் காலத் தலைமைத்துவமாம்!

யார் என்றைக்கு இறைப்பது என்று ஊர்கூடி முறை வைப்பதைவிட, வறட்சியில் வேறென்ன தலைமைத்துவம் வேண்டிக் கிடக்கிறது? ஒரு மனிதரிடம் எந்த முடிவையும் விடாமல் அவருக்குத் தலைமைத்துவம் சொல்லிக்கொடுப்பது, ஆற்றைக் காட்டாமல் நீச்சல் கற்றுக்கொடுப்பது போலத்தான். அதையும் குளிரூட்டிய அறையில், இரண்டு தேநீர் இடைவேளையோடு.

1998இல் எங்கள் தோட்டத்துக் கிணறு அடிமண் தெரிய வற்றியது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. மலேசியாவின் உச்ச வெப்பம் இன்றைக்கும் அதுதான். கோலாலம்பூர்ப் பக்கம் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததைச் செய்தியில் காட்டினார்கள். எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு எந்தச் செய்தியாளரும் வரவில்லை, பாட்டிதான் வந்தாள். கிணற்றங்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு இரண்டு வாளி. பச்சைக் குழந்தை இருந்தால் மூன்று. துணி துவைக்க ஆற்றங்கரை. மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், வீட்டம்மா ஆறு குடத்தோடு வந்து வரிசையைத் தாண்டியபோது, "கயிறு இந்தா, கிணத்தயே தூக்கிட்டுப் போ" என்றாள். அந்தம்மா திரும்பிப் போய் வரிசையில் நின்றார். பாட்டிக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. வாய் இருந்தது, கூடவே முக்கியமாகக் கயிறு கையில் இருந்தது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது அந்தக் கயிற்றைத்தான்.

"அப்படியென்றால் பயிற்சியே வேண்டாமா?" என்று நேற்றிரவே உள்பெட்டியில் ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டும் ஐயா, நிறைய வேண்டும். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுத்து, அப்புறம் பாய்ச்சுகிற நெல் சாகுபடி இருக்கிறது. 30 விழுக்காடு வரை நீர் மிச்சமாகும். தமிழ்நாட்டில் அதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். கேட்டாலே புரிகிறதல்லவா? சனிக்கிழமைத் திரையில் ஓடிய எண்பது படங்களில் இது ஒரு மூலையில்கூட இல்லை. ஈரம் காயாமல் மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்கு இல்லை, மழைமானி இல்லை. ஒரு மலையேற்ற வீரரின் படம் மட்டும் மூன்று தடவை வந்தது.

பக்கத்தில் இந்தோனேசியாவைப் பாருங்கள். இந்திரமாயுவில் விவசாயிகளே காலையில் மழையை அளந்து எழுதி வைக்கிறார்கள், மாதம் ஒருமுறை கூடி ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜாரில் பெய்த மழைக்குக் கிராமசபை கணக்குப் பார்த்து, எந்தப் பயிர் வைக்கலாம் என்று முடிவு செய்கிறது. கரும்பும் வாழையும் வேண்டாம், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டது. அளக்கிறவரும் முடிவெடுக்கிறவரும் அங்கே ஒரே ஆள்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்கும் குழு, ஏரி வாரியம் என்றே ஒன்று இருக்கிறது. பராந்தக சோழன் காலம், 921. ஆறு பேர், குடவோலையில் தேர்வு, 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவுக்காரரும் நிற்க முடியாது. அது பிராமணர் ஊர், நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம், பாட்டிகளுக்கு இடமில்லை என்று எழுத வருவீர்கள். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கணக்குக் காட்டு என்ற அந்த ஒரு வரியை இன்றைக்கு நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் வாசித்துக் காட்ட ஆசைதான்.

இன்னொருவர், "விவசாயிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே" என்கிறார். உங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் அண்ணே?

அப்புறம் அந்த வழக்கமான கேள்வி: "பினாங்கில் உட்கார்ந்துகொண்டு கெடா விவசாயத்தைப் பற்றி உனக்கென்ன?" பினாங்குக் குழாயில் வருகிற தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அது கெடா மலைக்காட்டிலிருந்து இறங்கும் ஆறு. கெடாவின் பழைய பெயரைச் சொல்லி, கடாரம், கடாரம் என்று மேடையில் மார்தட்டத் தெரிகிறது. அந்த மண்ணில் 1978 வறட்சியில் மூடா பாசனப் பகுதியில் ஒரு போக நெல்லையே கைவிட்டார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் ஆட்கள் இந்த நாட்டுக்குக் கப்பலேறியதே எதற்கு? 1876 பஞ்சம் எத்தனை குடும்பங்களைத் துரத்தியது? வறண்ட ஊரைவிட்டு ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வறட்சியைப் பற்றிப் பேச வந்த ஒரு பெரியவரை உட்காரச் சொல்கிறோம்.

சரி, கோபம் எங்கேயோ போகிறது. எழுதியதை அழிக்கவும் மனமில்லை.

என்னோடு பதினெட்டு வருஷம் பழகிய ஒருத்தி அந்த ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறாள். "நீ எப்போதும் முகநூலில்தான் வீராங்கனை" என்று எழுதிவிட்டு நட்பிலிருந்து நீக்கிவிட்டாள். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஒலிவாங்கியை வாங்கியபோது நான் நாலடி தூரத்தில் இருந்தேன். பெரியவர் என்னைத்தான் பார்த்தார். 'ஊக்கம் பெறும் நேரம்' என்பதை மலாயில் சொன்னார்கள், அதைத் தமிழில் அவருக்குச் சொன்ன குரல் என்னுடையது. நல்ல தமிழில், மரியாதையாகச் சொன்னேன். மத்தியானம் பிரியாணியும் சாப்பிட்டேன்.

நேற்று அவருக்குப் போன் போட்டேன். சனிக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அங்க மழ இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தினசரி நாட்காட்டித் தாளில் மழை நாளையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாராம், அந்தக் கட்டைப் பையில் கொண்டுவந்திருந்தாராம், காட்டத்தான் எழுந்தாராம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்றேன். "வாங்க, ஆனா வெள்ளனயே வாங்க, ஒன்பது மணிக்கு மேல எனக்குப் பம்பு முறை" என்றார். மேலே இருக்கும் இரண்டு பேரிடம் அவரே போய்ப் பேசி ஆரம்பித்துவிட்டாராம்.

நாற்காலியில் அவர் விட்டுப்போன சான்றிதழ் என் காரின் பின்சீட்டில் கிடக்கிறது. அதில் அவர் பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.