4 மணி அலாரத்தை முதலில் அணைத்துவிடுங்கள்

வருஷக் கடைசி ஆராதனை முடிந்ததும் நம் மலையில் எடுக்கப்படும் தீர்மானம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இனி தினமும் காலை 4 மணிக்கு ஜெபம்." ஜனவரி என்றால் ஊட்டியில் புல் மேல் உறைபனி படியும் மாதம். முதல் வாரம் முழங்கால் போடுவோம். இரண்டாம் வாரம் கம்பளிக்குள்ளேயே ஜெபம். மூன்றாம் வாரம் கம்பளி மட்டும். அதன்பின் குற்ற உணர்ச்சி, ஈஸ்டர் வரை மௌனம்.

4 மணி என்பது சமவெளிக்காரர் பிரசங்கம் என்பது என் கருத்து. அங்கே நாளிலேயே சுகமான நேரம் அதுதான். "அதிகாலையில், இருட்டோடே" இயேசு எழுந்து போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேதுரு யோப்பாவில் மேல்வீட்டுக்கு ஏறி ஜெபித்தது ஆறாம் மணி நேரம், அதாவது நடுப்பகல். தானியேல் தினம் மூன்று வேளை. சங்கீதம் 55:17 "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று சாயங்காலத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருட்டில் ஜெபநடை போகிறவர்களுக்கு இன்னொன்று: கரடிக்கும் காட்டெருமைக்கும் அது வீடு திரும்பும் நேரம். விடிந்தபின் நடங்கள்.

புது நேரம் தேடுவதை விட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டுங்கள். குளிக்க வெந்நீர் காய்கிற நேரம் ஒன்று போதும். இந்தக் குளிரில் ஒரு பெரிய பானைத் தண்ணீர் சூடாகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், யாரும் அதைத் தவறவிடுவதில்லை. அடுப்பைப் பற்றவைத்ததும் ஒரு நிமிஷம் சும்மா உட்காருங்கள். பிறகு ஒரு சங்கீதம், வாய்விட்டு, மெதுவாக. நான்கு நிமிஷம் சுவிசேஷத்தில் பத்துப் பதினைந்து வசனம். மீதி நேரம் மன்றாட்டு. கடைசியில் பரமண்டல ஜெபம். தண்ணீர் கொதித்தால் ஆமென்.

"தனி அறை இல்லையே" என்பது அடுத்த பேச்சு. எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருப்பவர் சொன்னால் அது சாக்கு அல்ல, நிஜம். ஆனால் மத்தேயு 6:6-இல் "அறைவீடு" என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது தமெயோன் என்ற சொல். இதே சொல் லூக்கா 12:24-இல் காகங்களைப் பற்றிப் பேசும்போதும் வருகிறது. அங்கே நம் வேதாகமம் அதைப் "பண்டசாலை" என்கிறது. ஆக இயேசு காட்டியது சாமான் வைக்கும் உள்ளறை. அரிசி டிரம்முக்கும் விறகுக்கும் நடுவில் ஒரு மணை போட்டால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கதவைப் பூட்டு என்றிருக்கிறதே என்று கரிக்கணப்பை உள்ளே வைத்துக் கதவை அடைக்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். கம்பளி போதும்.

எதை வாசிப்பது என்று தினமும் காலையில் யோசிக்கிறவர் பத்து நாளில் நின்றுவிடுவார். முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம், வாரத்தில் ஐந்து நாள் ஒன்று வீதம் வாசித்தால் சரியாக 52 வாரம். சங்கீதத்துக்கு ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தின் பழைய முறையை மிஞ்ச எதுவும் இல்லை: 150 சங்கீதத்தையும் 30 நாளுக்கு, காலை மாலை என்று பிரித்திருப்பார்கள். 31-ஆம் தேதி வந்தால் முந்தின நாளுடையதையே திரும்ப வாசிக்கலாம். இதன் அழகு, அது தேதியோடு போகிறது. 5-ஆம் தேதி தவறிவிட்டதா, 6-ஆம் தேதி 6-ஆம் நாளுக்குரியதை வாசியுங்கள். பாக்கியைச் சேர்த்து வாசிக்கப் போனால் மூன்று நாள் பாக்கி வட்டி போல் ஏறும், நாலாம் நாள் வேதாகமத்தைப் பார்த்தாலே பயம் வரும்.

போனில் வாசிப்பதானால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மழைக்காலத்தில் கரன்ட் போய் சார்ஜும் போய்விடும் என்பதால் அச்சுப் புத்தகம் ஒன்று இருக்கட்டும், பெரிய எழுத்தில்.

பஸ்ஸில் வாசிக்காதீர்கள், மலைப்பாதையில் வாந்திதான் வரும். மனப்பாடம் செய்ததைச் சொல்லுங்கள். சங்கீதம் 121-இல் எட்டே வசனம், நாளுக்கு ஒன்று போதும். ("பர்வதங்களுக்கு நேராக" என்று நம் ஊரில் பாதி வீட்டுச் சுவரில் தொங்குகிறது, முதல் வசனத்தைத் தாண்டத் தெரிந்தவர் குறைவு.) மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவுகள் 14. இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப் பாதையிலும் 14 நிலைகள். 1731-இல் போப் 12-ஆம் கிளமென்ட் அந்த எண்ணிக்கையை உறுதிசெய்தார். தவக்காலத்தில் வளைவுக்கு ஒரு நிலை என்று தியானித்தால் குன்னூர் வரும்போது இயேசுவை அடக்கம் செய்திருப்போம். இது பயணிகளுக்கு, டிரைவருக்கு அல்ல.

கையால் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு "ஆண்டவரே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" போன்ற ஒற்றை வரி நன்றாக ஒத்துவரும். கைக்கு வேலை தெரியும், வாய் சும்மா இருக்கிறது. கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர்கள் மெஷினைப் பாருங்கள்.

குடும்ப ஜெபம் கெட்டுப்போவது பெரும்பாலும் அப்பாவால்தான். பத்து நிமிஷம் நாற்பதாகும், ஜெபம் பிரசங்கமாகும். அதைவிட மோசம், "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் படிக்கிற புத்தியைத் தாரும்" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆண்டவரிடம் கோள் மூட்டுவது. திட்ட வேண்டுமானால் நேராகத் திட்டிவிடுங்கள். ஒரு பாட்டில் இரண்டு சரணம், சின்னவர் வாசிக்க ஐந்து வசனம், ஆளுக்கு ஒரு வாக்கியம், முடிந்தது. ஜெபமாலை சொல்லும் வீடுகளில் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி மட்டும் சொல்லி, பிறகு கூட்டலாம்.

உபவாசம் பற்றிச் சுருக்கமாக: இன்சுலின் போடுபவர், கர்ப்பிணி, பாலூட்டுபவர் வேண்டாம். வெறும் வயிற்றோடு சரிவில் இறங்கி வேலை செய்பவருக்குத் தலை சுற்றும், மதியம் கஞ்சி குடியுங்கள். இவர்கள் எல்லாருக்கும் தாராளமாக ஒத்துவருவது நம் பாட்டிமார் வைத்திருந்த பிடி அரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டு, போடும்போதே ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பது. பிடிக்கு 40 கிராம் என்றால் வேளைக்கு ஒன்றாக நாளுக்கு இரண்டு பிடி, மாதத்தில் 2.4 கிலோ, 60 பெயர். டப்பாவுக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும். இங்குள்ள ஈரத்தில் அரிசி சீக்கிரம் பூசணம் பிடிக்கும், அதனால் மாதக் கடைசி ஞாயிறே ஆலயத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.