"இந்த வயசுல இனி எதுக்கு?"

கோத்தகிரிப் பக்கத்தில் 74 வயது அம்மா ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய்க் கட்டி. "வயசாயிடுச்சு, கத்தி வைக்க வேண்டாம், வீட்லயே நல்லா பாத்துக்கோங்க" என்று வீட்டுக்கு அனுப்பிய டாக்டரைவிட, "சரியாத்தானே சொன்னாங்க" என்று இங்கே இரண்டு நாளாக எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

வயதை மட்டும் பார்த்து மார்பகப் புற்றுநோய் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது. தானாக நடக்கிறாரா, குளிக்கிறாரா, எடை குறைந்திருக்கிறதா, இதயமும் சிறுநீரகமும் எப்படி, ஞாபகம் எப்படி என்றுதான் பார்க்க வேண்டும். போன மாதம் வரை இலை பறித்து மேடு ஏறி இறங்கிய 74ம், ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் 74ம் ஒன்றா?

"கருணையாலதான் சொல்றோம்" என்கிறீர்கள். விட்ட கட்டி பெரும்பாலும் சும்மா இருக்காது. தோலை உடைத்துப் புண்ணாகும், நீர் வடியும், ரத்தம் கசியும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் கொஞ்சம் அடங்கும், கட்டி அடங்காது. ஒரு நாளைக்கு மூன்று துணி மாற்ற வேண்டும். நம் மழை மாதத்தில் துவைத்தது மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கும். நாற்றத்துக்குக் கூசி, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிடுவதையே அந்த அம்மா நிறுத்திவிடுவார். இதுவா கருணை?

"உடம்பு தாங்காது." மார்பக ஆபரேஷனில் வயிற்றையோ நெஞ்சுக்கூட்டையோ திறப்பதில்லை. பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். முழு மயக்கத்துக்கு இதயம் இடம் கொடுக்காவிட்டால், சிறு கட்டியை மரப்பு ஊசி போட்டே எடுக்கலாம்.

"கீமோ போட்டே கொன்னுடுவாங்க." முதிய பெண்களுக்கு வருவதில் பெரும்பாலானவை ஈ.ஆர். பாசிட்டிவ், ஹார்மோனால் வளர்பவை. ஆரம்ப நிலையில் அவர்களில் பலருக்குக் கீமோவே வேண்டாம். அந்த ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை, ஐந்து ஆண்டு. ஆபரேஷன் உண்மையிலேயே முடியாதவருக்கு இந்த மாத்திரை மட்டுமே கட்டியைச் சில ஆண்டு கட்டுக்குள் வைக்கும். தவறு நடப்பது வேறு இடத்தில். இந்த மாத்திரையால் மூட்டு வலிக்கும், மலைக்குளிரால் வருகிற வலி என்று நினைத்து மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுவார்கள். எலும்பும் மெலியும். சரிவிலும் ஈரப்படியிலும் நடக்கிற ஊர் இது. ஆரம்பத்திலேயே எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கூடவே கால்சியம், வைட்டமின் டி.

"கோயம்புத்தூருக்கு ரேடியேஷனுக்கு யார் அலையறது?" இது மட்டும் நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 65 வயதுக்கு மேல், 3 செ.மீ.க்குள் கட்டி, அக்குளில் பரவவில்லை, கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் ரேடியேஷனைத் தவிர்க்கவும் வழி உண்டு. பிரைம் 2 ஆய்வில் அப்படித் தவிர்த்தவர்களில் பத்து ஆண்டில் அதே மார்பில் திரும்ப வந்தது 9.5 சதவீதம், எடுத்துக்கொண்டவர்களில் 0.9. உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 81 சதவீதம். தேவைப்பட்டாலும் பலருக்கு ஐந்தே நாள் போதும் என்று 2020இல் ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வு காட்டிவிட்டது. மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்று இன்னும் யார் சொல்கிறார்கள்?

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

இவ்வளவும் முடிவாக ஒரு கோர் பயாப்ஸி, அதாவது தடித்த ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுக்கும் பரிசோதனை, வேண்டும். மெல்லிய ஊசியில் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. போதாது, ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் மூன்றையும் நம்பிப் பார்க்கத் துண்டு வேண்டும். எடுத்த துண்டை உடனே ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும், துண்டைப் போல் பத்து மடங்கு திரவம். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். சலைனில் (உப்பு நீரில்) போட்டு அனுப்பினாலோ, சனி ஞாயிறு கடந்து கீழே லேபுக்குப் போனாலோ ஈ.ஆர். பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். மாத்திரையிலேயே பிழைக்க வேண்டியவருக்கு அந்த மாத்திரை கிடைக்காமல் போகும்.

இத்தனை பேர் கருத்துச் சொன்னீர்களே, அந்த அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? அவரிடம் "கொழுப்புக் கட்டி" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அறுபது வருஷம் அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவருக்குத் தன் மார்பில் இருப்பது என்ன என்று தெரியக் கூடாதா?

பயாப்ஸி பிளாக்கை (துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டியை) லேபில் கேட்டு வாங்குங்கள், காப்பீட்டு அட்டையை எடுங்கள், காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் பேசும்போது அவர் அந்த அறைக்குள் இருக்கட்டும்.