மனசு வச்சா மட்டும் போதாது
‘மனசு வச்சா நாளைக்கே குடிய விட்டுடலாம்’னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அத என்னால ஒத்துக்க முடியல. காசிமேடுல ஐஸ் உடைக்கற வேலை பார்த்த எங்க மாமா, மாலை போட்டு ஒரே நாள்ல நிறுத்துனாரு, மனசு வைக்காமலா? மறுநாளே டீ கிளாஸ ரெண்டு கையால புடிச்சும் சட்டையெல்லாம் சிந்துது, ராத்திரி ஃபிட்ஸ், மூணாம் நாள் செவுத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கினே இருந்தாரு, தெருவுல நடிக்கிறான்னாங்க. வருஷக்கணக்கா தினமும் குடிச்ச ஒடம்பு, திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு மெதுவா தேத்துனாங்க. மேல கமெண்ட்ல ஒருத்தர் ‘நாலு போட்டா திருந்துவான்’னு எழுதியிருக்காரு, அண்ணே, எங்க வீட்லயும் அடிச்சி பாத்தாங்க, ஒளிஞ்சு குடிச்சாரு, அவ்ளோதான். யாராச்சும் இப்டி இருந்தா திட்டாம கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போங்க, இல்ல கவர்மென்ட்டோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் பண்ணுங்க, ராத்திரில கூட எடுப்பாங்க.