தீர்ப்பு வேண்டுமென்றால் என்னிடம் வராதீர்கள்

எங்களைப் போன்ற தம்பதி ஆலோசகர்களைக் கேலி செய்யும் அந்தக் காணொளியை நேற்றிலிருந்து எனக்கு அனுப்பாதவர்கள் பாக்கி இல்லை. போதும், பார்த்துவிட்டேன். "புருஷன் பொண்டாட்டி சண்டையைக் கேட்கக் காசு வாங்குகிறார்கள், கடைசியில் யார் மேல் தப்பு என்றுகூடச் சொல்வதில்லை" என்கிறார் பேச்சாளர். அரங்கமே கைதட்டுகிறது.

ஆமாம் ஐயா, சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. என் எதிரே இருக்கும் இருவரில் ஒருவரை நான் ஜெயிக்க வைத்தால், தோற்றவரும் அதே வீட்டுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்? "பார், அவங்களே சொல்லிட்டாங்க" என்ற ஒரு வரியை வைத்துப் பத்து வருடம் சண்டை போடலாம்.

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் பேச வைத்து, இதயத் துடிப்பு வரை பதிவு செய்து, பல வருடங்கள் பின்தொடர்ந்தார். தம்பதிகளின் சச்சரவுகளில் 69 சதவீதம் தீராதவை என்பது அவர் கணக்கு. சுபாவத்தில் இருந்து வருபவை, திரும்பத் திரும்ப வரும். நன்றாக வாழும் ஜோடிகளுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு அதை இளக்காரம் இல்லாமல் பேசத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். தீராத விஷயத்துக்கு நான் என்ன தீர்ப்பு எழுதுவது?

"அடிக்கிறவனிடமும் நடுநிலையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடி உதை இருக்கும் இடத்தில் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கவே கூடாது. அறைக்குள் வாய் திறந்ததற்கு வீட்டில் வாங்க வேண்டியிருக்கும். அங்கே முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அப்புறம்.

"பெரியவர்கள் பேசித் தீர்க்கவில்லையா?" தீர்த்தார்கள். யாராவது ஒருவர் வாயை மூடிக்கொண்டதும் தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனார்கள்.

கட்டணம் அதிகமா? பலருக்கு எட்டாதுதான். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

என் அக்காவே ஒருமுறை இரவில் அழைத்து, "மாமாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னா கேப்பார்" என்றாள். சொந்தக் குடும்பத்துக்கு நாங்கள் ஆலோசனை தரக் கூடாது. வேறொருவரின் எண்ணைத் தருகிறேன் என்றேன். "ஊருக்கெல்லாம் பார்ப்ப, எனக்கு மட்டும் மாட்டியா?" பல மாதம் என்னோடு பேசவில்லை. மாமாவைப் பற்றிய கோபம் முழுக்க என் கணக்கில் வந்து சேர்ந்தது.

இந்தத் தொழிலில் இன்னொரு வேதனை. எங்களிடம் வந்த பிறகு சேர்ந்து வாழ முடிந்தவர்கள் வெளியில் எங்களைப் பார்த்தால் தெரியாதவர்கள் மாதிரி கடந்து போவார்கள். போகட்டும், நானாகப் போய் வணக்கம் சொல்வதும் முறையில்லை. யார் பெயரையும் சொல்லி "இவர்களைப் பாருங்கள்" என்று எங்களால் காட்ட முடியாது. எதிர்பார்த்த தீர்ப்பு கிடைக்காமல் போனவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மைக் கிடைக்கிறது, பேசுகிறார்கள். நமது பேச்சாளர் எந்த ரகமோ, எனக்குத் தெரியாது.

அவராவது யாரோ. அதைச் சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்ந்த நண்பா, நள்ளிரவில் யாரை அழைத்து எவ்வளவு நேரம் அழுதாய் என்று உனக்கு நினைவிருக்கும். நான் எழுத மாட்டேன். நீ சிரி.