செங்கல் களத்தில் மகள் கேட்ட கேள்வி

“பழைய வீடு, குதிரை வண்டி. போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து கேளிக்கைப் பூங்கா, புஷ் கார்டன்ஸ் போதும்.” அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பழைய ஊரையே அருங்காட்சியகமாக வைத்திருக்கும் காலனியல் வில்லியம்ஸ்பர்க்குக்குப் போகலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு வந்த பதில் இது. போய் வந்துவிட்டேன். இந்தப் பதிலை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகர் இது. தலைநகர் ரிச்மண்டுக்குப் போனதும் ஊர் அடங்கிப் போனது. 1926-ல் குட்வின் என்ற பாதிரியார் பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்க, பெரும் பணக்காரர் ராக்ஃபெல்லர் ஜூனியர் பணத்தைக் கொட்டி ஊரையே பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் திருப்பினார். எண்பத்துச் சொச்சம் கட்டடங்கள் அசல்; மற்றவை திரும்பக் கட்டியவை. ஆளுநர் மாளிகைகூட 1781-ல் எரிந்துபோனதுதான். “அப்போ டூப்ளிகேட்டா?” என்றாள் பத்து வயது மகள். ஆமாம் என்றேன். முன்கூடத்துச் சுவர் முழுக்கத் துப்பாக்கியையும் வாளையும் கோலம் போட்டதுபோல் அடுக்கியிருக்கிறார்கள். சின்னவன் வாயைப் பிளந்தான். பத்து நிமிடத்தில் மாளிகை முடிந்தது.

செங்கல் களத்தில்தான் கால் நின்றது. கோடையில் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் களிமண் குழியில் இறக்கிவிடுகிறார்கள். சின்னவன் முழங்கால் வரை சேறு. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா சூளையோரம் வளர்ந்தவர். கொஞ்சம் மண்ணை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் மிதிக்கணும்டா, பதம் வரல” என்றார். அச்சில் கல் அறுத்துக்கொண்டிருந்தவரிடம் சைகையிலேயே ஏதோ கேட்டார், அவரும் சைகையிலேயே பதில் சொன்னார். சிப்பி ஓட்டைச் சுட்டுத்தான் சாந்துக்குச் சுண்ணாம்பு எடுப்பார்கள் என்று நான் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே குஷி. “நம்ம கிளிஞ்சல் சுண்ணாம்பு!”

அப்போதுதான் மகள் அந்த ஆளிடம் கேட்டாள், அந்தக் காலத்தில் இதை மிதித்தவர்களுக்கு என்ன சம்பளம் என்று. சம்பளம் கிடையாது, பெரும்பாலும் அடிமைகள் என்றார் அவர், குரலைத் தாழ்த்தாமல். 1775 வாக்கில் இந்த ஊரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அநேகமாக எல்லோருமே அடிமைகள்.

அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நம்மூர் சூளையிலயும் முன்பணம் வாங்கின குடும்பம் கடன் தீராம வெளிய போக முடியாது” என்றார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் சூளைகளிலிருந்து குடும்பங்களை மீட்ட செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. “நீங்க ஒண்ணும் கேக்கலையா தாத்தா?” என்றாள் மகள். “எனக்கு அப்ப உன் வயசும்மா” என்றார்.

‘சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று சொல்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. வில்லியம்ஸ்பர்க்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. கறுப்பின மக்களின் வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்ததே 1979-ல்தான், அதாவது அரை நூற்றாண்டு விக்கையும் வெள்ளிப் பாத்திரத்தையும் காட்டிய பிறகு.

பிரே பள்ளியைத் தவறவிடாதீர்கள். 1760 முதல் 1774 வரை கறுப்பினப் பிள்ளைகளுக்கு நடந்த பள்ளி. அடிமை வாழ்வை ஏற்று நடக்கப் பழக்கத்தான் நடத்தினார்கள். ஆனால் எழுத்துக் கற்ற பிள்ளை அதோடு நிற்குமா? அந்தக் கட்டடம் அந்த ஊர்க் கல்லூரி வளாகத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்தது. கட்டடத்து மரச்சட்டங்களில் இருந்த ஆண்டு வளையங்களை வைத்து 2020-ல் கண்டுபிடித்து, 2023-ல் முழு வீட்டையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மரச்சுவர், சின்ன அறைகள், மேலே மச்சு. மகள் அங்கேதான் அதிக நேரம் நின்றாள்.

தெருவில் நடக்கக் காசில்லை, கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். வெயில் நம்மூர் மாதிரியே புழுங்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள். சின்னப் பிள்ளை இருந்தால் மாற்று உடை கட்டாயம். எங்கள் கார் மிதியடியில் அந்தச் செம்மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் கழுவ எடுத்தால் சின்னவன் விடமாட்டேன் என்கிறான்.